பாக்கியநாதர் வந்த நாள்

அன்று காலை ஆசிரமத்தில் இருந்தவர்கள்: குரு சவரிராயர், சீடர் சூசை, சமையல் பார்க்கும் ஞானப்பூ அம்மாள், தண்ணீர் அளந்து ஊற்றும் நான், படுக்கையில் நோயாளிகள் நான்கு பேர். ஆக எட்டுப் பேர்.

கிணறு வற்றிவிட்டது. தொட்டியில் இருந்த தண்ணீர் மறுநாள் வரைக்கும்தான் வரும். அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் நோயாளிகளை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்றலாம். இறக்கிக்கொள்ள அவர்களுக்கு வீடு கிடையாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாக்கியநாதர். அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. குரு ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பேசுவதாகப் பதில் வந்தது.

அது வெள்ளிக்கிழமை.

சூசை குருவைவிட இருபது வயது மூத்தவர். பத்திர ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். காலை ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றார்.

"ஐயா, விசுவாசப் பிரமாணத்துல ஒரு இடம் எனக்கு வாயில வரமாட்டேங்குது."

"எந்த இடம்?"

"பிதாவும் சுதனும் ஒரே கடவுள், ஒருத்தருக்கொருத்தர் குறைவில்லைங்கிற இடம். எல்லாரும் சொல்றாங்க. நான் சும்மா உதட்டை அசைக்கிறேன்."

"ஏன்?"

"அனுப்பினவர் பிதா. வந்தவர் சுதன். அனுப்பினவர்தானே பெரியவர்? ஆபீஸ்ல அப்பா கையெழுத்துக்கு மகன் வந்து நின்னா, போய் அப்பாவைக் கூட்டிட்டு வான்னுதான் சொல்லுவேன். ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தரை நான் ஏத்துக்கிட்டதே இல்ல."

குரு ஞானப்பூ அம்மாளைப் பார்த்தார்.

"வர்றவருக்கு மோர் இருக்கா?"

"ஒரு செம்பு இருக்கு. கெட்டி மோர். தண்ணி ஊத்தலாம்னா தண்ணி எங்க இருக்கு?"

குரு சிரித்தார். பிறகு சூசையிடம் சொன்னார்.

"இன்னைக்குப் பாக்கியநாதர் வருவார். நீங்களே உட்கார வச்சுப் பேசுங்க."

நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிட உள்ளே போய்விட்டார்.

சூசை ஆசிரமத்தில் இருந்த ஒரே நாற்காலியை எடுத்து மரத்தடியில் போட்டார். துண்டால் துடைத்தார். மோர்ச் செம்பைத் தட்டு வைத்து மூடினார்.

ஒரு வாலிபன் வந்தான். கையில் மோட்டார் எண்ணெய்க் கறை.

"நான் இன்னாசி. பாக்கியநாதர் மகன். தண்ணி விஷயமா வந்தேன்."

"அப்பா பின்னால வர்றாரா?"

"இல்ல. நான்தான் வந்திருக்கேன்."

"நல்லது தம்பி. நான் அப்பாகிட்டயே பேசிக்கிறேன்."

"என்கிட்டயே பேசலாம் ஐயா."

"பேசலாம். நாளைக்கு உங்கப்பா முடியாதுன்னா?"

இன்னாசி நாற்காலியைப் பார்த்தான்.

"அது அப்பாவுக்கு," என்றார் சூசை. "நீ அந்தத் தொட்டி விளிம்புல உட்காரு."

தொட்டி விளிம்பில் வெயில்.

"பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது. மோரையாவது கொடுங்களேன்," என்றார் ஞானப்பூ அம்மாள்.

"ஒரு செம்புதானே இருக்கு," என்றார் சூசை.

"அப்ப மூடியையாவது கொடுங்க, விசிறிக்கட்டும்."

சூசை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னாசி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நோயாளிகள் இருந்த அறைப் பக்கம் பார்த்தான். எழுந்து, "வர்றேன் ஐயா," என்று போய்விட்டான்.

உச்சி வெயில் ஆயிற்று. சூசை வாசலிலேயே நின்றார்.

குரு ஈரக் கையோடு வந்தார்.

"பாக்கியநாதர் வந்தாரா?"

"இல்ல ஐயா. மகன் வந்தான். அனுப்பிட்டேன்."

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வண்டிக்குச் சொல்லிடுங்க."

"ஐயா, அவர் இன்னும் வரலையே. பொழுது இருக்கே."

"வண்டிக்குச் சொல்லுங்க."

சூசை வண்டிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. பாக்கியநாதர் வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

பாக்கியநாதர் கட்டிலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். சூசை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"காலையிலிருந்து உங்களுக்காகக் காத்திருந்தேன் ஐயா."

"நான்தான் வந்தேனே."

"இல்லீங்க. உங்க மகன்தான் வந்தாரு."

"வந்தேன். தொட்டி மேல வெயில்ல உட்கார வச்சீங்க. ஒரு வாய் மோர் கொடுக்கல."

அவர் குரலில் கோபம் இல்லை. கடலை உடைப்பதை நிறுத்தவும் இல்லை.

சூசை கைகூப்பினார்.

"நீங்கதான் மன்னிக்கணும்."

"இங்க நின்னுகிட்டு ஏன் கேக்கறீங்க? அவன் தோட்டத்துல இருக்கான்."

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நின்றான். ஆசிரமத்துப் பக்கத்து வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். வெட்டின இடத்தில் தண்ணீர் தயங்கி நின்று, பிறகு எங்கள் பக்கம் பாய்ந்தது.

எங்களைப் பார்த்ததும் சொன்னான்.

"ஒதுங்குங்க. கால் நனைஞ்சிரும்."

நான் ஒதுங்கினேன்.

சூசை ஒதுங்கவில்லை. செருப்பைக் கழற்றினார். ஓடுகிற தண்ணீரில் முழங்காலிட்டார்.

"ஐயா," என்றார்.

அன்று மாலை நோயாளிகள் நான்கு பேரும் குளித்தார்கள். குடித்தது, சமைத்தது, குளித்தது எல்லாம் போகத் தொட்டியில் மீதம் நாற்பத்தொரு குடம்.