மயிலைத் திரும்பிப் பார்க்காத கோழி

ஒரு காலத்திலே நெல்லிவனம் என்கிற சீமையைக் கோமளேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். என்ன ஒன்று, நினைத்தது நடந்தாக வேண்டும். ஒருநாள் சபையில், "மயில்தோகையோடு ஒரு கோழிக்குஞ்சு வேண்டும்" என்றான்.

நடக்காது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பதவி போய்விடுமே! மழவராயர் என்கிற பிரதானி மட்டும் எழுந்தார். அரண்மனைப் பறவைக் கொட்டில் வேலையை மச்சானுக்கு வாங்கித்தர மூன்று வருஷமாகக் காத்துக்கிடக்கிற மனுஷர் அவர்.

"ஆண் மயிலையும் பெட்டைக்கோழியையும் ஒன்றாக அடைத்துப் பழக்கினால் ஆயிற்று மகாராஜா. கொட்டில்காரி காத்தாயிக்கு ஒரு மாதம் கெடு கொடுங்கள். முடியாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்பட்டும்."

காத்தாயி வேறு வழியில்லாமல் இரண்டையும் ஒன்றாக அடைத்தாள். புருஷன் இல்லை, கொட்டிலை விட்டால் போக்கிடமும் இல்லை. மயில் என்னவோ தோகையை விரித்து நாள் முழுக்க ஆடியது. கோழி திரும்பிப் பார்த்தால்தானே? அது பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

கெடு முடிந்த அன்று இரண்டையும் சபைக்கே தூக்கிவந்தாள்.

"மகாராஜா, மயில் மேல குத்தமில்லை. அது ஆடுறது கோழிக்கு விளங்கலை. சேவல்னா கொக்கொக்குனு கூப்பிட்டு, தானியத்தை முன்னால போட்டு, ஒரு சிறகைத் தாழ்த்திச் சுத்தி வரும். அது மயிலுக்குப் பிறவியிலேயே வராது. பழக்கினா வரும்னாரே ராயர், அவரே பழக்கிக் காட்டட்டும்."

"நியாயம்தானே ராயரே?" என்றான் ராஜா.

ராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். காத்தாயி நீட்டிய நொய்யரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தார். "இங்கே பார் மயிலே, இப்படி" என்று கொக்கொக்கென்று கூவி அரிசியைப் போட்டார். ஒரு கையைத் தாழ்த்திச் சுற்றியும் வந்தார்.

மயில் கண்டுகொள்ளவே இல்லை. கோழிதான் விழுந்தடித்து ஓடிவந்தது. ராயர் தூணைச் சுற்றினார், கோழியும் சுற்றியது. கடைசியில் அவர் காலடியிலேயே பம்மி உட்கார்ந்துவிட்டது.

"மாப்பிள்ளை பிடிச்சுப்போச்சு மகாராஜா. இனிக் குஞ்சுக்கு ராயர்தான் பொறுப்பு" என்றாள் காத்தாயி.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் ராயரே, குஞ்சு உம் ஜாடையில் இருக்குமா, தாய் ஜாடையில் இருக்குமா?" என்றான்.

"நடக்கிற காரியமா மகாராஜா? நான் மனுஷன், அது கோழி" என்று முனகினார் ராயர்.

"அதைத்தான் மகாராஜா, நான் மயில் இல்லை, கோழின்னு இதுவும் ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தது" என்றாள் காத்தாயி.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டில் வேலையை ஆயுசுக்கும் காத்தாயிக்கே எழுதிக்கொடுத்தான். கையில் கிடந்த காப்பையும் கழற்றித் தந்தான். ராயருக்கும் பரிசு உண்டு, அந்தக் கோழிதான்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜவீதி வழியே அவர் வீட்டுக்குப் போனார். ராயரம்மாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, எனக்குத் தெரியாது.