ஒன்பதாவது கவனம்

ஒரு ஊர்ல ஒரு பலகை இருந்தது. அவதானப் பலகைன்னு பேரு. எட்டு விஷயத்தை ஒரே சமயத்துல மனசுல நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் அதுல உட்காரலாம். அப்போ அதுல இருந்தவ செங்கமலம். கேக்கிறியா?

ம்.

செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் மறதி வந்தது. இடுப்புல சாவியைச் செருகிட்டு வீடெல்லாம் சாவி தேடுவா. அந்தப் பலகைமேல ரொம்ப நாளா கண் வச்சிருந்த வைத்தியலிங்கம், பிள்ளையோட சேர்த்து மூளையையும் பெத்துப் போட்டுட்டான்னு ஊரெல்லாம் சொன்னான். ஊர்த் தலைவர் சபையைக் கூட்டினார். மூணு சோதனை. ரெண்டுல தவறினா பலகை வைத்தியலிங்கத்துக்கு.

முதல்ல, முதுகுல டப் டப்னு புளியங்கொட்டை எறிஞ்சாங்க, எத்தனைன்னு எண்ணிச் சொல்லணும். ஒண்ணு குறைச்சுச் சொன்னா. அப்புறம் அங்கேயே ஒரு பாட்டுக் கட்டணும். கடைசி அடி வரலை. தோத்தாச்சு. ஆனாலும் மூணாவதையும் முடிச்சிடலாம்னு கேட்டு வாங்கிக்கிட்டா.

ம்.

டங்... டங்... மணி அடிக்குது. கூடவே திடும் திடும்னு முரசு. எத்தனை மணின்னு கடைசியில சொல்லணும். நடுவுல செங்கமலம் எழுந்து விறுவிறுன்னு கொல்லைப்பக்கம் போனா. சபை சிரிச்சது. அங்கே தூளியில போட்டிருந்த அவ குழந்தையோட மூக்கைத் துணி மூடியிருந்தது. காவலுக்கு இருந்த ஆயா நல்ல தூக்கம். துணியை விலக்கி, குழந்தையோட திரும்பி வந்தா.

ஏன் எழுந்தேன்னு தலைவர் கேட்டார். குழந்தை முனகினதுன்னு சொன்னா. முரசுக்குப் பக்கத்துல உட்கார்ந்து முனகலைக் கேட்டாளாம்னு வைத்தியலிங்கம் கேலி பண்ணினான்.

"மணி பதினேழு," அப்படின்னா செங்கமலம். "கடைசி நாலு நான் கொல்லையில நிக்கும்போது அடிச்சது."

மணி அடிச்சவன் தலையை ஆட்டினான். சரியான கணக்கு.

"பின்னே மத்த ரெண்டும் ஏன் தவறிச்சு?"ன்னு தலைவர் கேட்டார்.

"தலைக்குள்ள வேலை நடக்குதுங்க. சிலதைக் கழிச்சாச்சு, சிலது இடம் மாறியிருக்கு. கூரை ஓட்டைப் பிரிச்சிருக்குன்னா வீடு போச்சுன்னு அர்த்தமில்லை. எட்டுக்கு மேல ஒண்ணு எனக்கு இப்போ ஓயாம ஓடுது. அதுக்கு இடம் பண்ணணும்."

விதி விதிதான். பலகை வைத்தியலிங்கத்துக்குப் போச்சு. அவ அழலை.

அடுத்த வருஷம் வந்தா. மடியில குழந்தை, முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. எட்டும் சரியாச் சொன்னா. வைத்தியலிங்கம் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட்டான்.

இன்னிக்கு உங்க அம்மா உன்னைக் கைக்குழந்தையா இருக்கிற தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டா. நீ சிரிச்ச. நாளைக்குச் சிரிக்கக் கூடாது.

ம்.

கதை படுத்தாச்சு. நீயும் படு.