மேகத்தில் ஏற்றிய ஐந்தாம் வகுப்பு

சுரைக்குடிப்பட்டி பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கிய நாளிலிருந்து தலைமையாசிரியர் அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி அம்மா பார்வையிட வருகிறார். பாடம் ஓடவில்லையென்றால் போர்டு பக்கத்து ஊர் ஆவாரங்குளத்துக்குப் போய்விடும்.

அதிகாரி போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "சும்மா விட்டா திரை தூங்கிடும் சார், பயப்படாதீங்க. பாடத்தையெல்லாம் மேகத்துல ஏத்தி வச்சிருங்க. வேணுங்கறப்ப இறக்கிக்கலாம்."

திங்கட்கிழமையே திரை தூங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் பொன்னுரங்கம் தட்டி எழுப்பப் போனார். தமிழ் டீச்சர் செண்பகவல்லி தடுத்தார்.

"பாவம் சார். மெட்ராஸ்லேருந்து லாரியில நின்னுக்கிட்டே வந்திருக்கு."

"அதுக்காகப் பாடம் நடக்குறப்ப தூங்கலாமா?"

"உங்க பாடத்துல யாரு சார் தூங்கல?"

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. அருமைநாயகம் திரைக்குப் போர்வை போர்த்திவிட்டு, வாய்ப்பாட்டைக் கிசுகிசுவென்று சொல்லும்படி பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார்.

மிச்சமிருந்தது மேகம். வியாழக்கிழமை மதியம்தான் ஒன்று கண்ணில் பட்டது. மூவரும் புத்தகத்தோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எல்லா வகுப்பையும் தாங்குமா?" என்றார் செண்பகவல்லி.

"அஞ்சாம் வகுப்பை மட்டும் ஏத்துவோம்" என்றார் அருமைநாயகம்.

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் பாடத்தை உரக்க வாசித்தார். வகுத்தலுக்கு வந்தபோது மேகம் கறுத்தது.

"கனம் கூடிப்போச்சு சார்" என்றார் செண்பகவல்லி.

"வகுத்தல் ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

ஏறிய மேகம் நேராக ஆவாரங்குளத்துக்குப் போய்க் கொட்டித் தீர்த்தது. அருமைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போர்டு போவதற்கு முன்னாலேயே பாடம் போய்விட்டதே! சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு விரட்டினார். அந்த ஊர்க் கூரைகளிலிருந்து ஒழுகியதைப் பிடித்து வந்து, மறுநாள் காலை பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுக்கும்படி செண்பகவல்லியிடம் சொன்னார்.

அதிகாரி வந்தார். "பாடம் இறக்கியாச்சா சார்?"

"தொண்டைக்குக் கீழேயே இறக்கியாச்சும்மா."

அதிகாரிக்குப் புரியவில்லை. முன்வரிசைப் பெண்ணிடம், "எண்பத்தஞ்சை ஏழால வகுத்தா என்னம்மா வரும்?" என்று கேட்டார். அவள் ஏப்பம் விட்டாள்.

அருமைநாயகம் மெல்லத் திரும்பினார். "டீச்சர், தண்ணியை என்ன பண்ணீங்க?"

"தூசியா இருந்துச்சு சார். வடிகட்டித்தான் கொடுத்தேன்."

அருமைநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் வடிகட்டிய துணியை எடுத்து வந்து, அதிகாரியின் கையில் பணிவாக வைத்தார்.

"வகுத்தல் இதுலதாம்மா தங்கியிருக்கு. மெதுவாப் பிழிங்க, மீதி சிந்திடப் போகுது."