பணம் கொடுக்கிற பத்திரிகை

“எழுதுனா காசு குடுக்கிற பத்திரிகை எது தாயி?”

வாசலில் ஜவுளி மூட்டையை இறக்கின கையோடு பவளக்கொடி கேட்டாள். குடிக்கத் தண்ணீர்கூட இன்னும் கேட்கவில்லை.

ஜீனத் இடுப்பில் பிள்ளையும் கையில் செல்போனுமாக நின்றிருந்தாள். அடுப்பில் குக்கர். அந்த ஊரில் எழுதியே சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். வாரப் பத்திரிகைக்குப் பேட்டி எடுப்பாள். இணையதளத்துக்குச் சமையல் எழுதுவாள். டாக்டர்கள் சொல்வதை ஊருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பாள். ஆபீஸ் கிடையாது, மேனேஜர் கிடையாது.

ஜீனத்துக்கு முப்பது வயசு இருக்கும். பவளக்கொடி ஐம்பதைத் தாண்டியவள். ஆனாலும் சின்னவளைக் குருவாக வைத்துக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. தெரிந்தவளிடம்தானே கேட்க முடியும்.

“திடீர்னு எதுக்குக்கா?”

“டாக்டர் சொல்லிட்டாரு. மூட்டையா முழங்காலா, ரெண்டுல ஒன்னை வச்சுக்கோன்னு. தீபாவளி யாவாரத்தோட மூட்டையை இறக்கி வைக்கணுமாம்.”

“திருப்பூர்ல மகன் இருக்காருல்ல?”

“இருக்கான். மருமகளும் தங்கமானவ. கால நீட்டி உக்காந்து சோறு திங்க எனக்குத்தான் வராது. பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில பரிசு வாங்குனவ நான். இனிமே எழுதித்தான் பொழைக்கணும்.”

ஜீனத் போனில் எதையோ தட்டினாள்.

பவளக்கொடியின் போனில் டிங் என்று சத்தம். எந்தப் பத்திரிகை, எந்த இணையதளம், யாருக்கு எந்த மெயில், எல்லாமே வந்திருந்தது.

பவளக்கொடிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. குரு என்றால் கொஞ்சம் அலையவிட வேண்டாமா?

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்க்கா.”

“இவ்வளவு லேசாக் குடுத்துட்டியே. நாளைக்கு உன் பொழப்புல நான் வந்து கைய வச்சா?”

“வைங்க.”

குக்கர் விசில் அடித்தது. ஜீனத் உள்ளே போய்விட்டாள்.



ஆடி போய் ஆவணி பிறந்தது. பவளக்கொடி மறுபடி வந்தாள். இந்தத் தடவை மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

“அத்தனை பேரும் காசு குடுக்கிறவங்கதான் தாயி. எனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்கிறாங்க.”

“என்ன அனுப்புனீங்க?”

“‘பொறுமையின் சிகரம் பெண்.’ நாலு நாள் உக்காந்து எழுதுன கட்டுரை.”

“யாருக்கு அனுப்புனீங்க?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும் அதையேவா?”

“நல்ல கட்டுரை தாயி. நல்லதை நாலு பேருக்குக் குடுத்தா என்ன தப்பு? விவசாயப் பத்திரிகைக்குக்கூட அனுப்புனேன். பூமாதேவியைப் பத்தி அதுல ஒரு வரி வருது.”

ஜீனத் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டில் இடுப்பில் இருந்த பிள்ளை குலுங்கியது.

“ஒருத்தர்கூடப் பதில் போடலையா?”

“ஒரே ஒரு இடத்துல இருந்து வந்துச்சு. பொம்பளைங்க பத்திரிகை. கட்டுரை வேண்டாம், உங்க சொந்த அனுபவம் எதையாவது ஒரு பக்கத்துக்கு எழுதுங்கன்னு போட்டிருந்தாங்க.”

“எழுதுனீங்களா?”

“அதே கட்டுரையை இன்னொரு தடவை அனுப்புனேன். இது நல்ல கட்டுரைங்க, நாலு நாள் உக்காந்து எழுதுனதுங்கன்னு மேல ஒரு வரி சேத்து.”

ஜீனத் பிள்ளையை மாமியார் மடியில் விட்டாள். துப்பட்டாவை இழுத்து முடிந்தாள். குனிந்து மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

“ஏ தாயி, என்ன செய்யுற?”

“இன்னைக்கு யாவாரம் நான் பாக்குறேன். நீங்க பின்னாடி வாங்க. வாயைத் தொறக்கக் கூடாது.”

“வெயிலு மண்டையப் பொளக்குது.”

“குரு சொன்னா கேக்கணும்.”

அந்த வார்த்தையை அவள் வாயால் பவளக்கொடி கேட்டது அன்றைக்குத்தான். பேசாமல் நடந்தாள்.



முதல் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் வாடகைக்கு இருந்தார்கள். பவளக்கொடிக்குத் தெரிந்த வீடு. அங்கே லுங்கியும் துண்டும் நன்றாகப் போகும். மூட்டையில் இரண்டும் இருந்தன.

ஜீனத் மேலாக இருந்த கல்யாணப் பட்டுச்சேலையை உருவினாள். குங்குமச் சிவப்பு. வாசற்படியில் விரித்தாள்.

“பார்டரைப் பாருங்க தம்பி. முந்தியில மயில்.”

ஒருவன் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான்.

“டேய் சந்தானம், உனக்குப் பட்டுச்சேலை வந்திருக்கு. கட்டிப் பாக்குறியா?”

உள்ளே ஒரே சிரிப்பு. பவளக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது கன்னியர் மடம். கதவைத் திறந்த சிஸ்டர் அருள்மேரி பவளக்கொடியின் பழைய வாடிக்கை. வெள்ளையில் நூல் சேலை தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவருக்கென்றே எடுத்து வந்தது மூட்டையில் கிடந்தது.

ஜீனத் சிவப்புப் பட்டை விரித்தாள்.

“கல்யாணத்துக்குக் கட்டலாம் சிஸ்டர்.”

“யார் கல்யாணத்துக்கும்மா?”

“உங்க கல்யாணத்துக்குத்தான்.”

சிஸ்டர் சேலையைப் பார்த்தார். ஜீனத்தைப் பார்த்தார். பின்னால் நெளிந்துகொண்டிருந்த பவளக்கொடியைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை யாருன்னு முடிவானதும் சொல்லி அனுப்புறேன்,” என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

“தாயி, போதும். இருவது வருசமா நான் சேத்த பேரு.”

“வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல.”

மூன்றாவது வீட்டில் பந்தல்கால் நட்டிருந்தது. வாசலில் ஒரு பெண் வளையல் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்கு வளைகாப்பு. ஜவுளி மூட்டையைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. பச்சையில என்ன வச்சிருக்கீங்க?”

ஜீனத் சிவப்புப் பட்டை விரித்தாள்.

“இது நல்ல சேலைங்க.”

“நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பச்சை வேணும்.”

“இது நல்ல சேலைங்க. நாலு நாள் உக்காந்து நெய்ஞ்சது.”

“நாப்பது நாள்கூட நெய்யட்டும். வளைகாப்புக்குப் பச்சையில கேக்குறேன். இருக்கா இல்லையா?”

“முந்தியில மயில் இருக்குங்க.”

அந்தப் பெண் உள்ளே போகத் திரும்பினாள்.

பவளக்கொடிக்குப் பொறுக்கவில்லை. மூட்டையைப் பிடுங்கினாள். அடியில் கையை விட்டு இலைப்பச்சைச் சேலை ஒன்றை உருவி விரித்தாள். கிளிப்பச்சையில் இன்னொன்று.

“உனக்கு அறிவிருக்கா? அந்தப் பிள்ள வாயத் தொறந்து கேக்குது பச்சை வேணும்னு. நீ அதையே திரும்பத் திரும்ப விரிக்கிற. நல்ல சேலைன்னா? எல்லா வீட்டுலயும் போய் ஒரே சேலையை விரிச்சா எவ வாங்குவா? யாரு வீடு, என்ன விசேசம், கொடியில என்ன காயுதுன்னு பாக்க வேண்டாம்? கேக்குறதக் காதுல வாங்க வேண்டாம்? நாலு நாள் நெய்ஞ்சா அது உன் பாடு. அவளுக்கு என்ன…”

நின்றுவிட்டாள்.

ஜீனத் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

“சொல்லுங்கக்கா. ஏன் நிறுத்திட்டீங்க?”

பவளக்கொடி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அந்த வீட்டுப் பெண் தண்ணீர் எடுக்க ஓடினாள். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரிப்பு.

“விவசாயப் பத்திரிகைக்கு அனுப்புனேனே,” என்றாள். “மாட்டுக்கு மடிவீக்கம்னு அவங்க எழுதிட்டுக் கெடக்காங்க. நான் போயி மயில விரிச்சேனே.”

வீட்டுப் பெண் ஒன்றும் புரியாமல் செம்போடு நின்றாள். இரண்டு பச்சைச் சேலையையும் வாங்கிக்கொண்டாள்.



மறுநாள் பவளக்கொடி பஸ் ஸ்டாண்டுப் பத்திரிகைக் கடையில் நின்றாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், புரட்டினாள், வைத்தாள்.

கடைக்காரர் ராசப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாங்குறியா, இல்ல இங்கயே குடித்தனம் இருக்கப் போறியா?”

“உள்ள யாரு இருக்கான்னு பாக்குறேன்ண்ணே.”

“உள்ள நடிகை இருக்கா. ஜோசியம் இருக்கு.”

“அதெல்லாம் பத்திரிகைல இருக்கிறது. அதை வாங்கிட்டுப் போற வீட்டுல யாரு இருக்கான்னு கேக்குறேன்.”

ராசப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணப் போனார்.

ஒரு பத்திரிகையில் நகைக்கடையும் கல்யாண மண்டபமும் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். இது பொண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு. இன்னொன்றில் மூட்டுவலித் தைலம், கும்பாபிஷேகம், பென்ஷன். ரிட்டயர்டு வாத்தியார் வீடு, அவருக்கு நிதானமாகச் சொல்லலாம். போனில் இணையதளங்களைத் திறந்தாள். எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. இந்த வீட்டில் எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள், நின்றபடியே பார்ப்பார்கள், மேல் மடிப்பிலேயே பிடிக்க வேண்டும்.

கடைசியாக, பதில் போட்டிருந்த பெண்கள் பத்திரிகை. பக்கம் பக்கமாகப் பெண்கள் பேசினார்கள். மாமியார் பேசினாள், மகள் பேசினாள், டாக்டரம்மா பேசினாள்.

“இந்த வீட்டுல ஆம்பளை எங்க போனான்?” என்று கேட்டுக்கொண்டாள்.

அதை மட்டும் வாங்கினாள்.

அன்று சாயங்காலம் ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதினாள். வாசலில் பெண்கள் சேலை பார்க்கும்போது உள்ளே இருந்து இருமுகிற புருஷன்மார்களைப் பற்றி. ஒரு இருமல் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். தொண்டையைச் செருமினால் விலையைக் குறை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டால் அவரே வெளியே வரப் போகிறார், பட்டை மேலே எடுத்து வைக்கலாம். ஒரு வீட்டில் புருஷன் செத்து வருசம் ஆன பிறகும் அந்த அம்மா சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்பக்கம் காது கொடுக்கிறாள். அதோடு முடித்துவிட்டாள்.

ஜீனத் போனில் படித்தாள். படித்து முடித்தும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

“எப்படி தாயி?”

“அனுப்புங்க.”

“எல்லாருக்குமா?” என்றாள் பவளக்கொடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஜீனத் பிள்ளையின் கிலுகிலுப்பையை எடுத்து அவள் மேல் எறிந்தாள்.



பத்திரிகை வந்தது. அட்டையில் இல்லை, நடுவில், ஒரு முழுப்பக்கம். கீழே பவளக்கொடி என்ற பேர். அடுத்த வாரம் பேங்கில் இருந்து மெசேஜும் வந்தது. இரண்டையும் அவள் ஜீனத்தின் மாமியாரிடம் காட்டினாள். அந்தம்மா கண்ணாடியைப் போட்டு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “எங்க வீட்டுக்காரர் இருமுறத ஏண்டி ஊருக்கெல்லாம் சொன்ன?” என்று கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர்னு நான் சொல்லலையே பீவிம்மா.”

“செருமுறது அவருதான். எனக்குத் தெரியாதா?”

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கப் பயந்து பவளக்கொடி ஸ்பீக்கரில் போட்டாள்.

“பவளக்கொடி அம்மாங்களா? பத்திரிகையில இருந்து பேசுறேன். உங்க இருமல் பக்கத்துக்கு அவ்வளவு கடுதாசி வந்திருக்குங்க. வேற என்ன வச்சிருக்கீங்க?”

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இந்தக் கதவு சாத்திக்கொண்டால் திருப்பூரில் மகன் வீடுதான். வாசல் ஓரம் மூட்டை கிடந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. பொறுமையின் சிகரம்கூட நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

விழுங்கினாள்.

“என்கிட்ட இருக்கிறது இருக்கட்டும்மா. உங்களுக்கு இப்ப என்ன வேண்டியிருக்கு?”

பவளக்கொடி போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“இப்படி யாரும் கேட்டதே இல்லைங்க,” என்றது குரல். சிரிப்பு கலந்திருந்தது. “சொல்றேன். மாசம் ரெண்டு பக்கம் எனக்குக் காலியாவே கிடக்கு. எதைப் போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. எழுதிக்கிறீங்களா?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜீனத் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலண்டர் தாளைச் சரக்கென்று கிழித்தாள். பேனாவைத் திறந்துகொண்டு பவளக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து போனுக்குக் காதைக் கொடுத்தாள்.

பவளக்கொடி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். மற்றக் கையால் குருவின் கையில் இருந்த பேனாவை வாங்கினாள். தாளையும் வாங்கினாள்.

“இது நான் பிடிச்ச வீடு தாயி,” என்றாள். “நீ அடுத்த தெருவுக்குப் போ.”