சிவப்புப் பூவும் ராஜாவின் பக்தியும்

செங்கானூர்ச் சீமை என்று ஒன்று இருந்த காலத்தில், அதை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான்; பக்திதான் ஒரு நிலையில் நிற்காது. பந்தயத்தில் அவன் குதிரை ஜெயித்தால் அய்யனாருக்குப் பட்டு வேட்டி சாத்துவான். தோற்றால், "கல்லுக்கு என்ன தெரியும்?" என்று கோயில் பக்கமே போகமாட்டான்.

ஒருநாள் பெரிய ஏரியைத் தூர்த்து, அந்த இடத்தில் உல்லாச மாளிகை கட்ட அவனுக்கு ஆசை வந்தது. கிளப்பிவிட்டவர் நாகலிங்கர் என்ற சபை அதிகாரி. மாளிகை எழும்பினால் மேற்பார்வை அவருக்கு. மந்திரி தாண்டவராயரை ஓரங்கட்டிவிடலாம் என்று அவருக்குக் கணக்கு.

"ஏரி போனால் சுற்றுவட்டார வயலெல்லாம் காய்ந்துவிடும், மகாராஜா" என்று மந்திரி மன்றாடினார்.

"அய்யனாரிடமே பூக்கட்டிப் பார்ப்போம்" என்றான் ராஜா.

சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"சாமி சரியாகக் கவனித்திருக்கமாட்டார். இன்னொரு தடவை போடும்" என்றான் ராஜா.

அதுவும் சிவப்பு.

நாகலிங்கர் ராஜாவின் காதோரம் குனிந்தார். "கல்லிடம் போய் உத்தரவு கேட்பானேன், மகாராஜா? சாமியாவது பூதமாவது."

"அதுதானே. சாமியே இல்லை. மண்ணைக் கொட்ட ஏற்பாடு செய்யும்."

ஏரிப் பாசனக்காரர்கள் அழாத குறையாக மந்திரியைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் சபைக்கு வரும்போது, ராஜாவின் தம்பி சேந்தராயனைக் கையோடு அழைத்து வந்தார்.

"இவன் எதற்கு?" என்றான் ராஜா.

"மகாராஜா, உங்கள் இருவரில் யாருக்குப் பட்டம் என்று தகராறு வந்தபோது, இதே அய்யனார் முன்னால்தானே பூக்கட்டிப் பார்த்தோம்? உங்களுக்கு வெள்ளை வந்தது. நேற்று சாமியே இல்லை என்று முடிவாகிவிட்டதால், அந்த வெள்ளையும் வெறும் பூதான். பட்டத்தை வேறு வழியில் தீர்க்க வேண்டுமே, அதற்குத்தான் இளையவரை அழைத்தேன்."

தம்பி சிங்காசனத்தை மேலும் கீழும் பார்த்தான். "உட்கார வசதியாகத்தான் இருக்கும்போல, அண்ணா" என்றான்.

ராஜா கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "சாமி இல்லையென்று எவன் சொன்னது?"

சபையே நாகலிங்கரைப் பார்த்தது. அவர் குனிந்து கும்பிட்டார். "தங்கள் திருவுளம் எப்படியோ அப்படி, மகாராஜா."

"சாமி உண்டு" என்றான் ராஜா அவசரமாக.

"அப்படியானால் சிவப்புப் பூவும் அவர் வாக்குத்தான்" என்றார் மந்திரி.

ராஜா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு தன்னை நினைத்தே சிரிக்க ஆரம்பித்தான். அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். ஏரியை யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டான். நாகலிங்கர் தலையில் மண்கூடையை ஏற்றி, ஏரிக்கரையைப் பலப்படுத்த அனுப்பினான். வெளியே பாசனக்காரர் வீட்டுப் பெண்கள் இட்ட குலவை அரண்மனை முழுக்கக் கேட்டது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "நான் ஆசைப்பட்டது கிடைத்தால் சாமி உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். உமக்கு மட்டும் அய்யனார்மேல் எப்படி ஐயா இத்தனை உறுதி?"

மந்திரி மாலையைச் சரிசெய்துகொண்டார். "என் வயலும் அந்த ஏரித் தண்ணீரில்தான் விளைகிறது, மகாராஜா."