வேம்பையனுக்கு ஒரு துண்டு

முதலில், காலனிக்காரர்களின் சுடுகாட்டுப் பாதையை ஊர்க்காரர்கள் முள்வேலி போட்டு மறித்தார்கள். அடுத்து, தெருக்குழாயை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவதாக, மண்வெட்டியோடு வாழ்ந்து முடித்த வேம்பையன் செத்ததையே ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வீட்டுப் பட்டா அவர் மனைவி செங்கமலத்தின் பேருக்கு மாறாது.

"உங்க தெருக்காரன் சாட்சி செல்லாது. அதிகாரி ஒருத்தர் வாயால செத்தான்னு சொல்லணும். அதுவரைக்கும் உன் புருஷன் உசுரோடதான் இருக்கான்" என்றார் கிராம நிர்வாக அலுவலர் தணிகாசலம்.

"அப்படியே ஆகட்டுங்கய்யா" என்று சிரித்தபடி திரும்பிவிட்டாள் செங்கமலம்.

அந்த ஊர் கிராம சபையில் மூத்த உழைப்பாளி ஒருவருக்கு அலுவலர் கையால் துண்டு போர்த்துவது வழக்கம். இந்த வருஷம் யாருக்கு என்று தணிகாசலம் மைக்கில் கேட்டதும் செங்கமலம் எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் போத்துங்க!"

காலனியே கைதட்டியது.

"கொழுப்பா? செத்தவனுக்கு எப்படிப் போத்துறது? தை மாசம் அவன் பொணம் போனதை நானே நின்னு பாத்தேன்!"

தணிகாசலம் கத்தியதை ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கொண்டுபோனது.

"அதிகாரி சொல்லணும்னீங்க, சொல்லிட்டீங்க. எழுதிக் குடுங்கய்யா."

மேடையிலிருந்த தாசில்தார் தணிகாசலத்தை ஒரு பார்வை பார்த்தார். சான்றிதழ் அங்கேயே தயாரானது. செங்கமலம் கையை நீட்டவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அதே மைக்குல படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

காலனி மொத்தமும் எழுந்து நின்றது. தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"இறந்தவர் பெயர், வேம்பையன்."