தூக்கிப் பிடித்த டேப்லெட்

தையல்நாயகிக்குச் சீடர்கள் அதிகம் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வருடமே ஓடிவிடுவார்கள். காரணம், தீம் பார்க்.

மற்ற குருமார்கள் தியானம் பழக மலைக்குக் கூட்டிப் போவார்கள். இவர் வருடத்தில் ஒரு நாள், அதுவும் பள்ளி விடுமுறையாகப் பார்த்து, கூட்டம் நெரியும் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போவார். ஏன் என்று கேட்டால், "மலையில யாரும் காலை மிதிக்க மாட்டாங்க. அங்க போய் என்னத்தைப் பழகறது?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்த வருடம் போனவர்களில் சடகோபனும் ஒருவர். பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். அதனால் குரு அவரை 'சார்' என்பார். திட்டும்போதும் 'சார்'தான். அவர் குருவை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்கும் இதில் கூச்சம் இல்லை.

சடகோபனின் மனைவி கோமளம் படுக்கையில் கிடந்தாள். பக்கவாதம். போன பேச்சு திரும்பி வந்தது. ஆனால் பேசத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் வேண்டாம் என்று தலையாட்டுவாள். மாதக்கணக்காக இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் கேட்டாள்.

"அங்க ஊர்வலத்துல மயில் வண்டி வருமாமே. எனக்குக் காட்டுவீங்களா?"

சடகோபன் எழுந்து போய், மகன் வாங்கி அனுப்பிய பெரிய டேப்லெட்டைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஊர்வலம் மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மதிய ஊர்வலத்துக்கு வெகு நேரம் முன்பே சடகோபன் கயிற்றோரம் போய் நின்றுவிட்டார். ராட்டினம் ஏறவில்லை. தண்ணீர்ச் சறுக்கலில் இறங்கவில்லை. முதல் வரிசை. பக்கத்தில் குரு. பின்னால் கூட்டம் சேர்ந்து நெரிந்தது.

வீடியோ காலில் கோமளம் வந்தாள். நர்ஸம்மா போனைத் தலையணை எதிரே சாய்த்து வைத்திருந்தாள்.

சடகோபன் டேப்லெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். உயரம் சரியாக இருந்தது.

"அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தச் சிலேட்டைக் கொஞ்சம் இறக்குங்க. நான் ஏற்கெனவே குட்டை."

சிவகாசிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் அது. எல்லாரும் மஞ்சள் தொப்பி. பேசிய ஆள் நிஜமாகவே குட்டைதான்.

"ரெண்டு நிமிஷம்தான் தம்பி. வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க பார்க்கறாங்க. அவங்களுக்காக."

"எனக்கும் அந்த ரெண்டு நிமிஷம்தான் அண்ணாச்சி."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "கருத்தப்பாண்டி, ஏணி கொண்டாந்திருக்கலாம்ல?" என்றான் ஒருவன்.

சடகோபன் குருவிடம் குனிந்தார்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்கு இதுல என்ன பெரிய நஷ்டம்? என் காரணம் நியாயம்தானே?"

குரு கையை நீட்டினார்.

"குடுங்க சார். அவங்களோட ஒரு வார்த்தை பேசறேன்."

வாங்கினார். தன் முகம் கோமளத்துக்குத் தெரிவதற்காகக் கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். கேமராவைத் திருப்பவில்லை.

சடகோபன் அதைக் கவனிக்கவில்லை. முதல் வண்டி வரும்போதே கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்று யாரோ சொல்ல, கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் கிட்டத்தில் இருக்கும் எதுவும் அவருக்குப் புகைதான்.

தாரை தப்பட்டையோடு ஊர்வலம் வந்தது. டேப்லெட் உயர்ந்தது. மயில் வண்டி கயிற்றை உரசுகிற மாதிரி வந்து, தோகையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. பின்னால் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்ற குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. சடகோபன் கை கடுக்கக் கடுக்க நின்றார். தோகையின் கடைசிக் கண் மறையும் வரை இறக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்தார்.

கோமளம் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன். என்ன ஆளுங்க அந்த ஆளு!"

"எந்த ஆளு?"

"மஞ்சத் தொப்பி. எம்பி எம்பிக் குதிக்கறார். இந்தப் பக்கம் எட்டறார், அந்தப் பக்கம் எட்டறார். ஒரு தடவை தொப்பி பறந்தே போயிடுச்சு."

"மயில்?"

"மயிலா? மயில் எங்க வந்துச்சு?"

அப்போதுதான் திரையின் மூலையில் சின்னதாகத் தன் முகம் தெரிவதைச் சடகோபன் பார்த்தார். டேப்லெட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு குருவிடம் திரும்பினார்.

"நீங்க கேமராவைத் திருப்பி வைக்கலை."

"வைக்கலை."

"மறந்துட்டீங்களா?"

"இல்லை."

"அவ மயில் கேட்டா, அம்மா. எத்தனை மாசம் கழிச்சு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா தெரியுமா உங்களுக்கு? விளையாட இதுதானா கிடைச்சுது?"

சடகோபன் குருவிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. குரு நகரவில்லை.

"பின்னால இருக்கறவங்களுக்கு என்ன நஷ்டம்னு கேட்டீங்க. உங்களுக்குப் பின்னால கண்ணு இல்லை. எனக்கும் இல்லை. உங்க வீட்டம்மாவுக்கு இருந்துச்சு. அவங்களைக் கேளுங்க, சார்."

சடகோபன் டேப்லெட்டை நெஞ்சிலிருந்து எடுத்தார். கோமளம் காத்துக்கொண்டிருந்தாள்.

"பாவங்க அந்த மனுஷன்," என்றாள். "கடைசி வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியலை. முன்னால என்ன, தூணா?"

சடகோபன் மஞ்சள் தொப்பிகள் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். தூணா?"

"தூண் இல்லை. நான்."

"நீங்களா? அவர் சொல்லலையா?"

"சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உடம்பு சரியில்லாதவங்க பார்க்கறாங்க, உனக்காகன்னு..."

கோமளத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னைச் சொல்லியா மறைச்சீங்க?"

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாயங்காலம் இன்னொரு தரம் வருதுல்ல? அவரைத் தேடிக் கூட்டிட்டு வந்து உங்க இடத்துல நிக்க வைங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க."

திரை அணைந்தது.

சடகோபன் மஞ்சள் தொப்பிகளைத் தேடிக் கிளம்பினார். பேய் வீட்டு வாசலில் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தார். மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் ஒன்றைத் துரத்திப் பிடித்தால் அது வேறு ஊர்ப் பள்ளிக்கூடம். வெயில் இறங்கிய பிறகு யாரோ சொன்னார்கள், அவர்கள் பஸ் ஏறப் போய்விட்டார்கள் என்று. மூட்டு வலியோடு ஓடினார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் கருத்தப்பாண்டி புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அடடே, சிலேட்டு அண்ணாச்சி!"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. சடகோபன் மூச்சு வாங்கினார்.

"சாயங்காலம் ஊர்வலம் இருக்கு. வாங்க. என் இடத்துல நில்லுங்க."

"நல்லாச் சொன்னீக. டிரைவர் இப்பவே வைதுக்கிட்டிருக்காரு. காலையில வேலைக்குப் போகணும்ல."

"அப்ப மயில்?"

"மயிலுக்கா பஞ்சம்? எங்க ஊர்ல மிளகாச் செடியப் பூராத் தின்னுட்டுப் போகுது. அத விடுங்க. அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"சிலேட்டுக்குள்ள. தலையணையில சாஞ்சு கெடந்தாகள்ல?"

சடகோபனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்ததில் திரை பின்பக்கம் பார்த்து இருந்தது. அதில் கோமளத்தின் முகம் பெரிதாக இருந்திருக்கும்.

"எனக்குக் கோவம்தான் அண்ணாச்சி. வைவோம்னுதான் வாயைத் தொறந்தேன். பாத்தா அந்த அம்மா சிரிக்காக. நான் குதிச்சாச் சிரிக்காக, நின்னா நிறுத்திருதாக. சரி, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலை, அவுகளாவது சிரிக்கட்டும்னு இன்னும் ரெண்டு குதி போட்டேன். தொப்பிய நானாத்தான் எறிஞ்சேன்."

"என் சம்சாரம்," என்றார் சடகோபன்.

"நல்லாச் சிரிக்காக. தெனமும் இப்படித்தானா?"

சடகோபன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்தது. கம்பியை விட்டார்.

"அவுகளக் கேட்டதாச் சொல்லுங்க!" என்று கத்தினான் கருத்தப்பாண்டி.

அவர் திரும்பி வரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். கயிற்றோரம் நிரம்பிவிட்டது. முதல் வரிசையில் குரு நின்றார். நெருங்க முடியாமல் சடகோபன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"அம்மா, எனக்கு இடம் பிடிச்சு வைக்கலையா?"

"எனக்கே ஒரு இடம்தான் சார்."

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டார். கோமளத்துக்குப் போன் போட்டார். பஸ் போய்விட்டதைச் சொன்னார். தொப்பி கதையையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சரி, காட்டுங்க," என்றாள்.

கேமராவை இந்தத் தடவை தானே சரிபார்த்தார். நெஞ்சு உயரத்தில் பிடித்தார்.

"தெரியுதா?"

"தெரியுது. சிவப்புப் புடவை. ஒரு முதுகு. ஒரு பை."

தாரை தப்பட்டை கிட்டத்தில் கேட்டது. முன்னால் ஏகப்பட்ட போன்கள் உயர்ந்தன. சடகோபனின் கையும் தானாக ஏறியது.

"தூக்கட்டுமா?"

"பின்னால யாரு?"

சடகோபன் திரும்பிப் பார்த்தார். ஒல்லியாக ஒரு பெண். இடுப்பில் பிள்ளை. பிள்ளையின் மூக்கு அவர் தோளுக்கு நேராக இருந்தது.

"ஒரு பொண்ணு. கையில பிள்ளை."

"அப்ப வேண்டாம்."

கை இறங்கியது. அதோடு நிற்காமல், முடிந்த மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அந்தச் சிவப்புப் புடவை தலையில பச்சை வெளிச்சம் விழுது," என்றாள் கோமளம். "மயில் வந்துடுச்சுங்க."

"ஆமா. வந்துடுச்சு."

"இப்ப நீலம். சுத்துது போல."

"சுத்துது."

"உங்களுக்குத் தெரியுதா?"

"மயிலோட கொண்டை மட்டும்."

"எனக்கு அதுவும் இல்லை. அந்தப் பிள்ளை என்ன பண்ணுது?"

"கை தட்டுது."

அவள் விடாமல் பேசினாள். பையில் என்ன இருக்கும் என்றாள். அந்தப் புடவை என்ன விலை இருக்கும் என்றாள். வெளிச்சம் போய், சத்தமும் தேய்ந்த பிறகு, தூக்கம் வருகிறது, பத்திரமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் குரு வந்தார். சடகோபன் அணைந்த டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார்.

"அம்மா, ரெண்டு தடவையும் அவளுக்கு மயில் கிடைக்கலை. என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"ஒண்ணா? பின்னால யாருன்னும் கேட்டாங்களாமே. அந்தப் பிள்ளையோட அம்மா சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போறா."

"அதுவும் கேட்டா."

"ரெண்டு கேட்டிருக்காங்க. ஒண்ணைக் குடுத்துட்டீங்க. நடங்க சார், பஸ் போயிடும்."